சிவந்த மரத்தில் வண்டு இல்லை: பைன் பட்டை வண்டின் பரவலைக் கண்காணிப்பது எப்படி?

நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீவு லாங் ஐலண்ட். அதன் நடுவில் சுமார் 1 லட்சம் ஏக்கர் பரப்பில் மணல் நிலமும் பைன் மரங்களுமாக ஒரு காடு இருக்கிறது. மழைநீரை வடிகட்டி நிலத்தடிக்கு அனுப்பி, தீவு மக்களுக்குக் குடிநீர் தருவதில் அந்தக் காட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே 2014 அக்டோபரில் ஒரு சின்ன வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் தெற்குப் பைன் வண்டு. அறிவியல் பெயர் டென்ட்ராக்டோனஸ் ஃபிரான்டாலிஸ். டென்ட்ராக்டோனஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மரக்கொல்லி’ என்று பொருள்.

இந்த மாதிரி வண்டு ஓர் ஊருக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் மக்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டுதான். ‘காய்ந்து சிவந்த மரங்களை உடனே வெட்டக் கூடாதா?’ என்பது ஒன்று. ‘ஊர் முழுக்கப் பொறி வைத்து எல்லா வண்டையும் பிடித்துவிட முடியாதா?’ என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல எண்ணத்தில் எழுபவை, ஆனால் இரண்டுமே தவறான இடத்தைப் பார்க்கின்றன. வண்டு நேற்று எங்கே இருந்தது என்பதைக் காட்டு மரங்கள் தாமாகவே நிறம் மாறிக் காட்டிவிடும். இன்று எங்கே இருக்கிறது, நாளை எந்த மரத்துக்குப் போகும் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கண்காணிப்பு.

சொந்த நாட்டிலேயே அந்நியன்

தெற்குப் பைன் வண்டு வேற்று நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியதில்லை. அது அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களின் பூர்வீக உயிரினம். டெக்சாஸ், ஜார்ஜியா, அலபாமா பக்கத்துக் காடுகள் அதை நெடுங்காலமாக அறியும். வடக்கே போகவிடாமல் அதைத் தடுத்து வைத்திருந்தது குளிர். குளிர்கால இரவில் காற்று சுமார் மைனஸ் 16 டிகிரி செல்சியஸ் வரை இறங்கினால், பட்டைக்குள் இருக்கும் வண்டும் புழுவும் பெரும்பாலும் மடிந்துவிடும். அந்த அளவுக்கு உறைய வைக்கும் இரவுகள் வடகிழக்கில் அரிதாகிக்கொண்டே வந்தன. 2001 முதல் நியூ ஜெர்சி மாநிலத்தின் தெற்குப் பகுதியில் வண்டின் தாக்குதல் பெருகியது. 2010-ல் மட்டும் அங்கே சுமார் 14,000 ஏக்கரில் பாதிப்பு. அடுத்து 2014-ல் லாங் ஐலண்ட். 2015-ல் கனெக்டிகட்.

ஓர் உயிரினம் தான் இதுவரை இல்லாத இடத்தில் புகுந்து, வேகமாகப் பெருகி, அங்குள்ளவற்றுக்குச் சேதம் விளைவித்தால் அதை ‘ஊடுருவும் இனம்’ என்கிறோம். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது இங்கே பெரிதில்லை. தெற்கில் வண்டோடு சேர்ந்தே வாழ்ந்து பழகிய காடுகளிலும் சேதம் உண்டுதான். ஆனால் வடக்கில் இருக்கும் பிட்ச் பைன் என்ற வகைப் பைன் மரக் காடுகள் பலவற்றுக்கு இந்த வண்டு புதிது. அங்கே பல இடங்களில் மரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த நெருக்கம் ஏன் ஆபத்து என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

ஒரு வண்டால் ஒரு மரத்தைக் கொல்ல முடியாது

வண்டின் நீளம் 2 முதல் 4 மில்லிமீட்டர். ஓர் அரிசியைவிடச் சிறியது. நிறம் பழுப்பிலிருந்து கறுப்பு வரை. இதற்குப் போய் 60 அடி மரம் பயப்படுமா என்று தோன்றும். தனி வண்டுக்கு மரம் பயப்படுவதில்லை.

முருங்கை மரத்தில் கத்தி பட்டால் அந்த இடத்தில் பிசின் கசிந்து கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். பைன் மரத்தில் இதே வேலை இன்னும் மூர்க்கமாக நடக்கிறது. பட்டையைத் துளைத்துக்கொண்டு வண்டு நுழைந்ததும், மரத்துக்குள் அழுத்தத்தில் இருக்கும் பிசின் அந்தத் துளை வழியாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். வண்டு அதில் மூழ்கிச் சாகும், அல்லது வெளியே தள்ளப்படும். வெளியே வந்த பிசின், பட்டையின் மேல் சோளப்பொரி அளவில் வெள்ளையாகக் கட்டி நிற்கும். இதைப் ‘பிசின் குமிழ்’ என்று அழைக்கலாம். காட்டில் வண்டைத் தேடுகிறவர்கள் முதலில் கண்ணால் தேடுவது இதைத்தான்.

ஒரு மரத்திடம் இருக்கும் பிசினுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான துளைகள் விழுந்தால் எல்லாத் துளைக்கும் ஈடுகொடுக்க அதனால் முடியாது. ஆகவே வண்டுக்குத் தேவை கூட்டம். கூட்டத்தை எப்படிக் கூட்டுகிறது?

அடுக்களையில் சிந்திய சர்க்கரையை முதலில் ஓர் எறும்புதான் பார்க்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் போனால் சாரை சாரையாக வரிசை நிற்கும். முதல் எறும்பு வழியெல்லாம் வாசனை வைத்துவிட்டுப் போயிருக்கும். பைன் வண்டிலும் முதலில் வருவது பெண் வண்டு. அது பட்டையைத் துளைக்கும்போது ஃபிரான்டாலின் என்ற வாசனைப் பொருளை வெளிவிடுகிறது. ஓர் உயிரினம் தன் இனத்தாருக்குச் செய்தி சொல்ல வெளிவிடும் இத்தகைய வேதிப்பொருள்தான் பெரமோன். வேளாண் துறையினர் ‘இனக்கவர்ச்சிப் பொருள்’ என்பார்கள். காயம்பட்ட மரத்தின் பிசினிலிருந்து எழும் டர்பன்டைன் வாசனையும் இதனோடு சேரும்போது அழைப்பு பல மடங்கு வலுவாகிறது. மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருளே எதிரிக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. படிக்கிறவர்களுக்கு இது வெறும் தகவல், ஆனால் காட்டில் நின்று இதைப் பார்க்கிறவர்களுக்கு மனம் கனக்கும்.

மரம் நிறைந்ததும் செய்தி மாறுகிறது. வந்து சேர்ந்த ஆண் வண்டுகள் வெளிவிடும் வெர்பினோன் என்ற வேதிப்பொருளின் செறிவு கூடக் கூட, அது ‘இங்கே இடமில்லை’ என்ற செய்தியாகிறது. புதிதாக வருகிறவை பக்கத்து மரத்துக்குத் திரும்புகின்றன. மரங்கள் நெருக்கமாக நின்றால் பக்கத்து மரம் எட்டும் தூரத்திலேயே கிடைத்துவிடும். வாசனையும் காற்றில் கலையாமல் அந்த இடத்திலேயே தேங்கி நிற்கும். நெருக்கம் ஆபத்தாவது இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஒற்றை வண்டைப் பிசின் தடுத்துவிடும். வாசனையால் கூடிய கூட்டத்தைத் தடுக்க முடியாது. ஒரு மரம் நிறைந்ததும் கூட்டம் பக்கத்து மரத்துக்கு நகர்கிறது.

பட்டைக்குள் நடப்பது

மரப்பட்டையின் உள்பக்கம் ஈரமாக, மெல்லியதாக ஓர் அடுக்கு இருக்கும். இலைகள் தயாரித்த உணவு வேருக்கு இறங்கும் பாதை அதுதான். அதை உள்பட்டை என்போம். வண்டு இதைத்தான் தின்கிறது. தின்றுகொண்டே வளைந்து வளைந்து சுரங்கம் அமைக்கும். பட்டையை உரித்துப் பார்த்தால் ஆங்கில எஸ் எழுத்தைப் பலமுறை ஒன்றின் மேல் ஒன்றாகக் கிறுக்கியதுபோல் தெரியும். சுரங்கத்தின் இரு ஓரங்களிலும் சிறு குழிகள். குழிக்கு ஒரு முட்டை. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் சில காலம் உள்பட்டையில் தின்றுவிட்டு, வெளிப்பட்டைக்குள் நகர்ந்து கூட்டுப்புழுவாகும். பிறகு வண்டாகி, ஊசியால் குத்தியதுபோன்ற துளை போட்டு வெளியே பறக்கும். கோடையில் முட்டை முதல் வண்டு வரை முடிய ஏறத்தாழ 1 மாதம் போதும். குளிர் கூடினால் அது நீளும்.

வண்டோடு பூஞ்சைகளும் மரத்துக்குள் வருகின்றன. அவற்றில் ஒன்று கட்டையின் வெளிப்பகுதியை நீலச் சாம்பலாக மாற்றும். உள்பட்டை சுரங்கங்களால் துண்டாகி, கட்டையில் நீர் ஏறுவதும் நின்றால் மரம் பிழைக்காது. இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது: மரத்தின் விதி முடிந்த பிறகும் அதன் ஊசியிலைகள் சில வாரங்கள் பச்சையாகவே இருக்கும். பூச்சாடியில் வைத்த பூ மறுநாளும் மலர்ச்சியாக இருப்பதில்லையா, அதுபோலத்தான்.

மூன்று பந்திகள்

கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் இப்போதுதான் இலை போட்டு ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த வரிசையில் சாப்பாடு மும்முரம். மூன்றாவது வரிசையில் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். வண்டு புகுந்த காட்டிலும் இதே மூன்று வரிசைதான். வனத்துறையினர் இவற்றை முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்கிறார்கள்.

முதல் கட்ட மரம் பார்வைக்கு நலமாக இருக்கும். மேலே பச்சை. பக்கத்தில் போய் அடிமரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் பிசின் குமிழ்கள் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். விரலால் அழுத்தினால் மெழுகுபோல் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். பட்டை கட்டையோடு இறுக்கமாக இருக்கும், கோடாரியால் செதுக்கினால்தான் வரும். பட்டைப் பிளவுகளிலும் கீழே சிலந்தி வலைகளிலும் செம்பழுப்புத் தூள் தங்கியிருக்கும். வறட்சியாலோ வேறு காரணத்தாலோ மரத்தில் பிசின் வற்றியிருந்தால் குமிழ் உருவாகாமல் தூள் மட்டுமே இருக்கலாம். குமிழை மட்டும் தேடுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

இரண்டாம் கட்டத்தில் மேலே பச்சை மங்கி மஞ்சள் ஏறத் தொடங்கும். குமிழ்கள் வெள்ளையாக, ஆனால் கெட்டியாக இருக்கும். பட்டை தளர்ந்திருக்கும். உரித்தால் உள்ளே முட்டையோ புழுவோ கூட்டுப்புழுவோ கண்ணுக்குத் தெரியும். அடுத்த தலைமுறை இங்கேதான் வளர்கிறது.

மூன்றாம் கட்டத்தில் மரம் சிவந்துவிடும், அல்லது ஊசியிலைகளே உதிர்ந்துவிடும். குமிழ்கள் மஞ்சளாகிக் கையில் எடுத்தால் நொறுங்கும். பட்டை கையாலேயே பாளம் பாளமாக வரும். பட்டையெங்கும் வெளியேறிய துளைகள். அடியில் வெண்மையான மரத்தூள் கிடந்தால், அது செத்த கட்டையைத் துளைக்க வரும் வேறு வகைச் சிறு வண்டுகளின் வேலை. பைன் வண்டுகள் அதற்குள் இலையை மூடி எழுந்து போயிருக்கும்.

சிவந்த மரத்தை மட்டும் வெட்டுவது, எழுந்து போனவர்களின் எச்சில் இலையை எடுப்பது மாதிரி. கூடம் சுத்தமாகும், சாப்பிடுகிறவர்கள் எண்ணிக்கை குறையாது. சொல்லப்போனால் சிவந்த மரத்தை நிற்கவிடுவதில் நன்மையும் உண்டு. வண்டைத் தின்னும் இயற்கை எதிரிகள் சில, வண்டு போன பிறகும் அந்தப் பட்டைக்குள்தான் வளர்ச்சியை முடிக்கின்றன.

பொறி எதற்கு?

தென்னை விவசாயிகளுக்கு இனக்கவர்ச்சிப் பொறி பழக்கமான பொருள். சிவப்புக் கூன்வண்டுக்கு வாளிப் பொறி தொங்கவிடுவார்கள். அங்கே பிடிபடும் ஒவ்வொரு வண்டும் ஓரளவு லாபம், ஏனென்றால் கூன்வண்டின் எண்ணிக்கை அத்தனை பெரிதில்லை. பைன் வண்டு அப்படியில்லை. ஒரே மரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் புறப்படும் பூச்சியைப் பொறியால் தீர்க்க முடியாது. இங்கே பொறி ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சலை அது குறைக்காது, எத்தனை டிகிரி என்று சொல்லும்.

பயன்படுவது புனல் பொறி. கறுப்பு பிளாஸ்டிக் புனல்கள் பன்னிரண்டை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிட்டால், தூரத்திலிருந்து பார்க்க ஒரு மரத்தண்டின் நிழல்போல இருக்கும். வாசனையால் இழுக்கப்பட்டு வரும் வண்டு அதில் மோதி, புனல் புனலாக வழுக்கி, அடியிலிருக்கும் குப்பியில் விழும். கனடாவில் லிண்ட்கிரென் என்ற பூச்சியியலாளர் 1980-களில் உருவாக்கிய வடிவம் இது. வாசனைக்கு ஃபிரான்டாலின் உள்ள சிறு பையும், டர்பன்டைன் அல்லது அதன் முக்கியக் கூறான ஆல்ஃபா பைனீனும் தொங்கவிடப்படும். ஆண் வண்டின் பெரமோனான எண்டோ-பிரெவிகாமினையும் இப்போது சேர்க்கிறார்கள்.

நேரம் மிக முக்கியம். குளிர்காலம் முடிந்து வண்டுகள் முதன்முதலாகப் பரவிப் பறக்கும் வசந்த காலத்தில் வைக்க வேண்டும். தென்மாநிலங்களில் இதற்கு நாள்காட்டி பார்ப்பதில்லை, டாக்வுட் மரம் பூக்கத் தொடங்குவதுதான் அடையாளம். அதிலிருந்து 4 முதல் 6 வாரங்கள் பொறி இருக்கும். வாரம் ஒருமுறை குப்பியைக் காலி செய்து எண்ண வேண்டும். டெக்சாஸ் மாநில வனத்துறையில் ரொனால்ட் பில்லிங்ஸ் 1980-களில் வகுத்த முன்கணிப்பு முறை இது. தென்மாநிலங்கள் பலவும் அதையே பின்பற்றின.

பொறியை எங்கே மாட்டுவது என்பதில் ஒரு பெரிய தவறு நேரும். பைன் மரத்தின் கிளையிலேயே மாட்டிவிடுவார்கள். வாசனைக்கு வந்த வண்டுகளில் எல்லாமே பொறிக்குள் விழுவதில்லை. மீதி, பக்கத்தில் நிற்கும் பைனைத் துளைக்கத் தொடங்கும். கண்காணிக்கப் போய் நாமே புதுத் தாக்குதலுக்கு அழைப்பு வைத்ததாகிவிடும். அதனால் அருகிலுள்ள பைனிலிருந்து குறைந்தது 20 அடியாவது தள்ளி, ஒரு கம்பத்திலோ இலையுதிர் மரத்திலோ மாட்ட வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் பைன் வைத்திருப்பவர் இந்த வாசனைப் பையை வாங்கித் தொங்கவிடவே கூடாது.

வேறு சில சில்லறைத் தவறுகளும் முழு வாரத்து உழைப்பைக் கெடுக்கும். குப்பியின் வடிகால் சல்லடை இலைச்சருகால் அடைத்து மழைநீர் நிறைந்தால் பிடிபட்டவை வழிந்து போய்விடும், அல்லது அழுகிவிடும். வாசனைப் பையின் காலம் முடிந்த பிறகு கிடைக்கும் பூச்சியத்துக்கு அர்த்தமே இல்லை. எத்தனை நாள் தொங்கியது என்று எழுதாத எண்ணிக்கையும் அப்படித்தான்.

எண்ணுவதற்கு முன் இனம் பிரிக்க வேண்டும். இப்ஸ் என்ற வேறொரு பட்டை வண்டும் பொறிக்கு வரும். வண்டைப் பக்கவாட்டில் வைத்துப் பின்புறத்தைப் பாருங்கள். கரண்டியால் அள்ளியதுபோல் குழிந்து, ஓரத்தில் முட்கள் இருந்தால் இப்ஸ். உருண்டு வழவழப்பாக இருந்தால் டென்ட்ராக்டோனஸ் பேரினம். ஒரு கைலென்ஸ் போதும்.

எண்ணிக்கையைவிட விகிதம்

அதே பொறிக்கு இன்னொரு விருந்தாளியும் வரும். செம்மையும் கறுப்புமாக, முதுகில் வெள்ளைப் பட்டையோடு, பெரிய எறும்பு போல ஓடும் ஒரு வண்டு. பெயர் தானாசிமஸ். பைன் வண்டைத் தின்றே வாழும் இரைதின்னி இது. பைன் வண்டின் வாசனை அதற்குச் சாப்பாட்டு மணி. பட்டையின் மேல் வந்திறங்கும் வண்டுகளைப் பிடித்துக் கடித்துத் தின்னும். அதன் புழுக்கள் பட்டைக்குள் போய்ப் பைன் வண்டின் புழுக்களைத் தின்னும்.

பொறியில் இரண்டையும் எண்ணி விகிதம் பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஓர் இடத்தில் 3 பொறிகள், 7 நாட்கள். பைன் வண்டு 420, தானாசிமஸ் 105. ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு 420 ÷ 21 = 20 பைன் வண்டுகள். மொத்தம் 525-ல் பைன் வண்டின் பங்கு 80 சதவீதம். இன்னோர் இடத்திலும் அதே 420 பைன் வண்டுகள், ஆனால் தானாசிமஸ் 630. இங்கே பைன் வண்டின் பங்கு 40 சதவீதம்தான். பைன் வண்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டு இடமும் ஒன்று. விகிதம் பார்த்தால் முதல் இடத்தில் கூட்டம் ஏறுமுகம், இரண்டாம் இடத்தில் எதிரிகள் கையோங்கியிருக்கிறார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது உறுதியாகும். ஒற்றை ஆண்டின் எண்ணை வைத்து முடிவெடுப்பது ஆபத்து.

பொறியில் சிக்கியது என்றால் அந்த ஊர்க் காட்டில் மரங்கள் சாகின்றன என்று பொருளில்லை. மசாசுசெட்ஸ் மாநிலத்தில் 2015-லேயே பொறிகளில் இந்த வண்டு கிடைத்தது. அதே மாநிலத்தின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் மரங்களைக் கொல்லும் தாக்குதல் தெரியவந்தது 2023-ல். இடைப்பட்ட காலம் ஆயத்தம் செய்யக் கிடைத்த அவகாசம். பொறியின் உண்மையான பயன் அந்த அவகாசம்தான்.

சுருக்கமாக: பொறி, வண்டைக் குறைக்கும் கருவி இல்லை. இந்த ஆண்டு இந்தப் பகுதியில் எவ்வளவு கவனம் தேவை என்பதை வசந்தத்திலேயே சொல்கிறது. எந்த மரம் என்று அதனால் சொல்ல முடியாது.

வானிலிருந்து தெரிவது

எந்த மரம் என்பதற்கு முதல் தடயம் மேலிருந்து கிடைக்கும். பச்சைக் காட்டுக்கு நடுவே மஞ்சளும் சிவப்புமாக ஒரு கூட்டம் மரங்கள் தெரியும். இப்படி அடுத்தடுத்து நிற்கும் பாதிக்கப்பட்ட மரக்கூட்டத்தைத் ‘திட்டு’ என்று வைத்துக்கொள்வோம். கோடைக்காலத்தில் சிறு விமானத்தில் வரிசை வரிசையாகப் பறந்து, கையிலுள்ள டேப்லெட் வரைபடத்தில் திட்டுகளைக் குறித்துக்கொண்டே போவார்கள். ட்ரோன், செயற்கைக்கோள் படங்களும் இப்போது உதவுகின்றன.

மேலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு நிற வரிசை பயன்படும். ஒரு பக்கம் சிவப்பு, நடுவே மஞ்சள், மறுபக்கம் வெளிறிய பச்சை என்று திட்டு இருந்தால் அது நகர்ந்துகொண்டிருக்கிறது, வெளிறிய பச்சை இருக்கும் திசையில். எல்லாம் ஒரே சிவப்பாக இருந்தால் அது ஓய்ந்து போன திட்டாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் கட்ட மரத்தை எந்த விமானத்தாலும் நிறத்தை வைத்துப் பிரித்தறிவது கடினம். அது பச்சையாகவே நிற்கிறது. மேலும் இடி விழுந்த மரம், வறட்சியில் காய்ந்தது, இப்ஸ் வண்டு கொன்றது எல்லாமே மேலிருந்து அதே சிவப்புதான். படத்தைப் பார்த்தே முடிவெடுத்து மரம் வெட்டக் கிளம்புவது பெரும் பிழை.

காலால் நடந்து பார்ப்பது

என்னைக் கேட்டால் மொத்தக் கண்காணிப்பின் கனமும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இதற்கு வேண்டியவை ஒரு கைக்கோடாரி, திசைகாட்டி அல்லது ஜிபிஎஸ், நிற ரிப்பன், குறிப்பேடு, பைனாகுலர். பைனாகுலர் எதற்கென்றால், தாக்குதல் பெரும்பாலும் மரத்தண்டின் நடு உயரத்தில் தொடங்கி, பிறகுதான் மேலும் கீழும் பரவும். கண்மட்டத்தில் மட்டும் தேடிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினால், தலைக்கு மேலே இருந்த குமிழ்கள் தப்பிவிடும்.

திட்டுக்குள் சிவந்த மரங்களிலிருந்து தொடங்கி மஞ்சளை நோக்கி நடக்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் குமிழைத் தொட்டு, பட்டையில் உள்ளங்கை அளவு செதுக்கி, எந்தக் கட்டம் என்று முடிவு செய்து ரிப்பன் கட்ட வேண்டும். மஞ்சள் முடிந்து பச்சை தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதல் கட்ட மரங்கள் இங்கேதான். இவை திரண்டிருக்கும் விளிம்பைத் திட்டின் முனை என்கிறோம். கூட்டம் நகரும் திசை அது. சில திட்டுகளுக்கு இரண்டு முனைகள் இருக்கும், ஒன்றைக் கண்டதும் திரும்பிவிடக் கூடாது. முனையைத் தாண்டியும் பச்சை மரங்களுக்கிடையே சிறிது தூரம் போய், குமிழே இல்லாத மரங்கள் தொடர்ந்து வரும் வரை பார்க்க வேண்டும்.

செதுக்கிப் பார்க்கும்போதே இனத்தையும் உறுதி செய்துகொள்ளலாம். சுரங்கம் எஸ் வடிவில் வளைந்து, உள்ளே தூள் அடைத்திருந்தால் தெற்குப் பைன் வண்டு. நேராக ஒய் அல்லது எச் வடிவில், தூள் இல்லாமல் சுத்தமாக இருந்தால் இப்ஸ். குமிழ்கள் பெரியவையாக, அடிமரத்தின் முதல் 6 அடிக்குள் மட்டும் இருந்தால் அது கறுப்பு டர்பன்டைன் வண்டு என்ற இன்னொரு பட்டை வண்டு. பின்னவை இரண்டும் பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்த மரங்களைத் தேடுபவை, திட்டாக வளர்ந்து காட்டை விழுங்குவது அரிது. இந்த வித்தியாசம் தெரியாமல் அலறினால் ஆட்கள் அலைவதுதான் மிச்சம், அந்த நேரத்தில் உண்மையான திட்டு வளர்ந்துகொண்டிருக்கும்.

இனி முடிவெடுக்கலாம். திட்டில் முதல் கட்ட மரம் ஒன்றுகூட இல்லையென்றால், புதிய அழைப்பு வாசனை அங்கே இல்லை. வெளியே வரும் வண்டுகள் கலைந்து போகும், திட்டு அதற்கு மேல் வளராது. குறித்துவைத்துவிட்டு நகரலாம். முதல் கட்ட மரங்களும் இரண்டாம் கட்ட மரங்களும் சேர்ந்து நிறைய இருந்து, சுற்றிலும் பைன் நெருக்கமாக நின்றால் அந்தத் திட்டுக்குத்தான் ஆட்களை முதலில் அனுப்ப வேண்டும்.

பார்த்த பிறகு செய்வது

வெட்டிச் சாய்ப்பதுதான் பழகிப்போன வழி. முதல் கட்ட, இரண்டாம் கட்ட மரங்கள் அனைத்தையும் வெட்டி, முனைக்கு அப்பால் நிற்கும் நல்ல மரங்களையும் வெட்டிக் குதிரை லாட வடிவில் ஓர் இடைவெளி உண்டாக்குவார்கள். அதன் அகலம் ஏறத்தாழ ஒரு மரத்தின் உயரம், பொதுவாக 40 முதல் 70 அடி. மரங்கள் திட்டின் நடுவை நோக்கி விழ வேண்டும். வண்டு இல்லாத பச்சை மரத்தை வெட்டுகிறார்களே என்று பார்ப்பவர்கள் பதறுவார்கள். காட்டுத்தீக்குத் தடுப்புக்கோடு வெட்டுவதைப் போன்றது இது. அழைப்பு வாசனை அறுந்து, அடுத்த மரமும் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால் கூட்டம் சிதறும். தரையில் வெயிலில் கிடக்கும் தண்டுக்குள் புழுக்களும் நன்றாக வளர்வதில்லை.

ஆனால் இந்த இடைவெளி சரியான இடத்தில் அமைய வேண்டுமானால் முனை எங்கே என்று அன்றைய தேதியில் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் முனை நாளுக்கு நாள் நகரும். மூன்று வாரத்துக்கு முன் கட்டிய ரிப்பனை நம்பி வெட்டினால், கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டு ஏற்கெனவே போயிருக்கும். அதனால் வெட்டுவதற்குச் சற்று முன்பு ஒருமுறையும், வெட்டிய சில வாரங்களில் இன்னொரு முறையும் சுற்றிப் பார்ப்பது கட்டாயம்.

குளிர்காலத்தில் கணக்கு மாறும்

மேலே சொன்ன நிற வரிசை எல்லாம் கோடைக்கு உரியது. இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் தாக்கப்பட்ட மரம் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கலாம். உள்ளே வளர்ச்சியும் மந்தமாக இருப்பதால், நிறத்துக்கும் கட்டத்துக்கும் உள்ள பொருத்தம் கலைந்துவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை நிறத்தைப் பார்த்து எழுதும் எந்தக் குறிப்பையும் நம்ப வேண்டாம், பட்டையைச் செதுக்கித்தான் பார்க்க வேண்டும்.

கடுங்குளிர் அடித்த வாரத்துக்குப் பிறகு ‘இந்த ஆண்டு வண்டு ஒழிந்தது’ என்ற பேச்சும் கிளம்பும். அதையும் பட்டைதான் உறுதி செய்ய வேண்டும். புழுக்கள் பெரும்பாலும் தடித்த வெளிப்பட்டைக்குள்ளேயே இருப்பதால், பட்டைத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் உடைத்துப் பாருங்கள். உயிருள்ள புழு பால் வெள்ளையாக, உப்பலாக இருக்கும். அறைக்குள் கொண்டுவந்து சூடு ஏறியதும் மெல்ல நெளியும். உறைந்து செத்தது பழுப்பேறித் தளர்ந்துவிடும். ஒரே மரத்தில் பார்த்து முடிவு செய்யாமல் பல மரங்களிலிருந்து துண்டுகள் எடுத்து, உயிருள்ளவை எத்தனை, செத்தவை எத்தனை என்று தனித்தனியாக எழுதி, தேதியும் இடமும் சேர்த்து வைத்தால், வசந்தத்தில் பொறி மாட்டும்போது முதல் எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பது கையில் இருக்கும்.